எது அசல்? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் மாற்றுப் பாகங்களும்

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கார் வழக்கு வந்தது. கார், பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற வண்டி அது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பிறகு பின்வாங்கியது. பந்தயம் ஜெயித்த வண்டியின் பாகங்கள் இதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, ஆகவே ஒப்பந்தத்தில் சொன்ன கார் இது இல்லை என்று வாதாடியது. பாகங்களைப் பற்றிச் சொன்னதில் பொய்யும் இல்லை. பந்தயக் காலத்திலேயே பலவும் மாற்றப்பட்டன. பின்னாளில் பெரிய எஞ்சின் ஏறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டியவர் இறந்தார். அதன் பிறகு வேறு பாடி கட்டினார்கள். எல்லாவற்றையும் கேட்ட நீதிபதி ஒட்டன் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: 1929-இல் இருந்த உலோகம் அப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டி இடையில் எங்கும் கலைந்து மறையவில்லை. மாற்றங்கள் எல்லாம் அதே வண்டியின் வாழ்க்கைக்குள் நடந்தவை. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறொரு காரும் இல்லை. எனவே இதுதான் ஓல்டு நம்பர் ஒன், ஒப்பந்தம் செல்லும்.

நமக்கு இந்தத் தீர்ப்பு புதிதாகப் படாது. திருவாரூர் ஆழித்தேர் ஒருமுறை எரிந்து, மறுபடியும் செய்யப்பட்டது. அதை யாரும் டூப்ளிகேட் தேர் என்பதில்லை. வடம் பிடிக்கும் கைகள் தயங்குவதும் இல்லை. ஆனால் தேருக்குச் சந்தை விலை கிடையாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் உலகிலோ, ஒரு போல்ட்டின் தலையில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்பதற்குக்கூட விலை உண்டு. அதனால் கம்பெனி பாகம் போடுவதா, வெளியார் செய்த பாகம் போடுவதா என்ற சண்டை அங்கே பாதி பொறியியல், பாதி பணம். இன்னும் இடம் இருந்தால் பக்தி.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் செய்யும் தவறு ஒன்றே என்று நினைக்கிறேன். கேள்வியை முழுக் காருக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கேட்கிறார்கள். பாகம் பாகமாகக் கேட்டால் பதில் பாகத்துக்குப் பாகம் மாறுகிறது. சில இடங்களில் தலைகீழாகவே மாறுகிறது.

முதலில் சரக்கைப் பிரித்துப் பார்ப்போம். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் 'கம்பெனி ஸ்பேர்', 'லோக்கல் ஸ்பேர்' என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். பழைய கார்களில் அது போதாது. கார் கம்பெனியின் பெட்டியில், கம்பெனியின் பாக எண்ணோடு வருவது ஒன்று. கம்பெனிக்கே அதைச் செய்துகொடுத்த பாஷ், கிர்லிங், ஸாக்ஸ் போன்ற சப்ளையர்கள் தங்கள் பெட்டியில் விற்பது இன்னொன்று. பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருள் ஒன்றுதான், பெட்டிக்குத்தான் கூடுதல் விலை. மூன்றாவது, அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் ஏதோ ஒரு டீலரின் அலமாரியில் தூங்கிய சரக்கு. இதற்கு 'என்ஓஎஸ்' என்று பெயர். ஏலத்தில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் கை தானாக உயரும் ஆட்கள் இருக்கிறார்கள். நான்காவது, இன்று யாரோ புதிதாகச் செய்யும் பிரதி. கடைசியாக, பழைய வடிவமைப்பின் குறையைத் திருத்தி மேம்படுத்திச் செய்தது. பிரதிகளில்தான் தங்கமும் தகரமும் ஒரே கூடையில் கிடக்கின்றன.

வெளியார் பாகம் செய்து விற்கலாமா என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி தன் மாரினா காரின் சைலன்சர் குழாயைப் பார்த்து அப்படியே செய்து விற்ற ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் மீது, வரைபடத்தின் பதிப்புரிமையைக் காட்டி வழக்குப் போட்டது. 1986-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது. உதிரிபாகச் சந்தையைப் பூட்டி அதைப் பறிக்கக் கூடாது என்றது. மாரினா ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது, அழகிலும் சேர்த்தியில்லை. ஆனால் எம்ஜி, டிரையம்ப், ஜாகுவார் எல்லாம் ஒரு காலத்தில் அதே லேலண்ட் குடையின் கீழ் இருந்தவை. இன்று அந்தக் கார்களுக்குத் திருகாணி முதல் சீட் வரை வெளியில் கிடைப்பதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்பின் துணையும் உண்டு.

வெளியார் பாகத்துக்குக் கெட்ட பெயர் வந்தது எப்படி என்று பார்க்க, ரோட்டர் ஒன்று போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக் துண்டு அது. காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடும். தலையில் ஒரு பித்தளைத் தகடு. அடியில் இரும்புத் தண்டில் செருகிக்கொள்ளும் குழி. மலிவாகச் செய்யப்பட்ட பல பிரதிகளில் தகட்டை ஒரு ரிவெட்டால் அறைந்துவிட்டார்கள். ரிவெட்டின் கால் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு தண்டின் பக்கமாக இறங்குகிறது. நடுவில் மிஞ்சுவது மெல்லிய பிளாஸ்டிக் சுவர். எஞ்சின் நன்றாகச் சூடேறிய ஒரு வேளையில், ஆயிரக்கணக்கான வோல்ட் அந்தச் சுவரைத் துளைத்துத் தண்டு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். அவ்வளவுதான், கார் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் ரோட்டர் புத்தம் புதிதாகத்தான் தெரியும். ஓட்டியவர் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்படுவார், கார்புரேட்டரைப் பிரிப்பார், காயிலை மாற்றுவார்.

பிரிட்டிஷ் கார்க்காரர்கள் மத்தியில் இந்த ரோட்டரும், அதன் பக்கத்திலேயே இருக்கும் கண்டென்சரும் பட்ட வசை கொஞ்சமில்லை. கடைசியில் தீர்வு வந்ததும் வெளியாரிடமிருந்துதான். டிஸ்ட்ரிபியூட்டர் வேலை மட்டுமே பார்க்கும் சிறு நிபுணர்கள், ரிவெட் இல்லாமல், நல்ல பிளாஸ்டிக்கில் சிவப்பு நிற ரோட்டரைச் செய்யவைத்தார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பாகத்தைச் செய்தவருக்கு அது காரில் என்ன பாடுபடும் என்று தெரிந்திருந்தது, வித்தியாசம் அங்கேதான். பல ஒர்க்‌ஷாப்புகளில், சூட்டிலும் மழையிலும் ஏற்கெனவே ஓடித் தேறிய பழைய ரோட்டரைத் தூக்கிப் போடாமல் டூல் பாக்ஸில் வைத்துக்கொள்வது வழக்கம். புத்திசாலித்தனமான வழக்கம்.

இனி மறுபக்கம். கம்பெனியே செய்தது, அசல், காரோடு பிறந்தது. ஆனால் எஞ்சினைக் கொல்லக்கூடியது. போர்ஷே 911-இன் டைமிங் செயின் டென்ஷனர் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 911-இன் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக்கிடக்கும். இரு பக்கமும் கேம்ஷாஃப்டைச் சுழற்ற இரண்டு நீண்ட செயின்கள். ஒவ்வொன்றும் தளராமல் அழுத்திப் பிடிக்க ஒரு டென்ஷனர். 1960-களின் பிற்பகுதியிலிருந்து வந்த டென்ஷனர் மூடி முத்திரையிட்ட சிறு ஹைட்ராலிக் குப்பி. உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் கசிந்து போகும், குப்பி அமுங்கும், செயின் தளர்ந்து ஒரு பல் தாவும். வால்வும் பிஸ்டனும் மோதும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னாலிருந்து கேட்கும் சலசலப்புதான் முன்னெச்சரிக்கை. அதைக் கேட்காதவர்களுக்கு எஞ்சின் பிரிப்புச் செலவு காத்திருக்கும்.

1984 மாடலாக வந்த கரேரா 3.2-இல் போர்ஷே இதைத் திருத்தியது. எஞ்சின் எண்ணெயையே அழுத்தத்தோடு ஒரு குழாய் வழியே டென்ஷனருக்குக் கொண்டுவந்தது. பழைய 911 வைத்திருப்பவர்கள் அந்தப் புது டென்ஷனரையும் செயின் மூடியையும் வாங்கி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1972 மாடல் 911 ஒன்றில் அந்த எண்ணெய்க் குழாயைப் பார்த்தால், கார்க் கண்காட்சி நடுவர் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். மெக்கானிக் நிம்மதியாக மூச்சு விடுவார். நான் மெக்கானிக் பக்கம். அதே 911-இல் 1968 முதல் 1977 வரை பல எஞ்சின்களுக்கு மெக்னீசியக் கலவையில் உறை வார்த்தார்கள். எடை குறைந்தது உண்மை. ஆனால் 2.7 லிட்டர் எஞ்சின்களில் சூடு ஏறும்போது சிலிண்டர் தலையைப் பிடிக்கும் ஸ்டட்கள் மெக்னீசியத்திலிருந்து மரை பிய்த்துக்கொண்டு வந்தன. இன்று எஞ்சின் பிரிக்கும் நல்ல ஒர்க்‌ஷாப் எதுவும் அந்தத் துளைகளில் எஃகு மரையைப் பதிக்காமல் மூடுவதில்லை. உறை அசல், எண் அசல், மரை மட்டும் வேறு. யாரும் இதைக் கலப்படம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜாகுவார் இ-டைப் கதையும் இப்படித்தான். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமாகி உலகத்தையே வாயைப் பிளக்க வைத்த கார். ஆனால் முதல் 3.8 லிட்டர் கார்களில் இருந்த மாஸ் கியர்பாக்ஸின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது; கியர் மாற்றுவது ஒரு பொறுமைப் பரீட்சை. கம்பெனியே 1964-இல் 4.2 லிட்டர் வந்தபோது கியர்பாக்ஸையும் மாற்றியது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் வைத்தது. இன்று பலர் அதையும் தாண்டி ஐந்து வேக கியர்பாக்ஸ் மாட்டுகிறார்கள். வெயில் நாடுகளில் அலுமினிய ரேடியேட்டரும் நல்ல மின்விசிறியும் ஏறக்குறைய கட்டாயம். மின்சாதனங்கள் லூகாஸ். ஆங்கிலேயர்கள் 'இருளின் இளவரசன்' என்று பட்டம் சூட்டிச் சிரித்த பெயர் அது. சென்னை வாசகர்களுக்கு லூகாஸ் என்றால் பாடி பஸ் நிறுத்தம்தான் நினைவுக்கு வரும். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் அங்கே இன்னும் இயங்குகிறது, தாய் கம்பெனியின் கேலிப்பெயர் கடல் தாண்டி வரவில்லை.

சில பாகங்களில் அசலா, பிரதியா என்ற கேள்விக்கே இடமில்லை. ரப்பர் அதில் முதல். நாற்பது ஆண்டு அலமாரியில் இருந்த பிரேக் ஹோஸ், பெட்டி பிரிக்காதது, கம்பெனி முத்திரை மங்காதது; அதை மாட்டுவது தற்கொலை. ரப்பர் காரில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். வீல் சிலிண்டர் வாஷர், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் சீல், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் இதே கணக்கு. பிரேக் லைனிங்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அந்தக் காலத்து லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பிரிட்டன் 1999-இல் அதைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா 2003 முடிவோடு முற்றாகத் தடைசெய்து, இறக்குமதியாகும் பழைய கார்களையும் எல்லையிலேயே சோதிக்கிறது. அங்கே காருக்குள் அசல் பிரேக் லைனிங் இருந்தால் அதற்குப் பாராட்டு கிடைக்காது, அபராதம் கிடைக்கலாம்.

பெட்ரோலே மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால்; இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்கச் செய்யும், ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் உலோகத்தை அரிக்கும். 1965-இல் செய்த பெட்ரோல் ஹோஸ் 1965 பெட்ரோலுக்காகச் செய்தது. சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே அது சொட்டுவிட ஆரம்பித்தால், அசல் என்ற பெயர் தீயணைப்புக்கு உதவாது. எத்தனால் தாங்கும் ஃபுளூரோ ரப்பர் ஹோஸ் வெளியார் சரக்குதான். தயங்காமல் போட வேண்டிய சரக்கு. டயரில் நிலைமை இன்னும் நல்லது. மிஷ்லினும் பிரெல்லியும் பழைய டயர்களின் பட்டன் வடிவத்தையும் தோற்றத்தையும் காத்துக்கொண்டு இன்றைய ரப்பர் கலவையில் திரும்பச் செய்கின்றன. ஃபெராரி டேடோனாவுக்கு அதே எக்ஸ்டபிள்யூஎக்ஸ் டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அதைப் பார்க்காமல் பழைய காரில் யாரும் வேகம் பிடிக்கக் கூடாது.

தகரத்துக்கு வருவோம். கதவு, பானெட், மட்கார்டு, தரைத்தகடு என்று துருவுக்கு இரையாகும் பகுதிகள். இங்கே பிரதிகள் பெரும்பாலும் ஏமாற்றும். ஓரம் சரியாக மடிந்திருக்காது; வளைவு ஒரு சில மில்லிமீட்டர் தப்பும்; டிங்கரிங் வேலைக்காரர் அதைச் சரிக்கட்டப் பட்டி பூசுவார்; பட்டியின் மேல் பெயின்ட் பளபளக்கும்; நான்கு ஆண்டில் எல்லாம் வெளியே வரும். ஆனால் இங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது, சுவாரசியமானது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். தயாரிப்பு நின்ற பிறகு அதன் அசல் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988-இல் முழு பாடி ஷெல்லையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அச்சு அசல், தகரம் புதிது, ஆண்டு வேறு. இது கம்பெனி பாகமா, வெளியார் பாகமா? ரோவர் கம்பெனியே இந்த ஷெல்லை அடிப்படையாக வைத்து 1990-களின் நடுவில் எம்ஜி ஆர்வி8 என்ற காரைச் சுமார் 2000 செய்து, பெரும்பாலானவற்றை ஜப்பானில் விற்றது. பழைய எம்ஜிபியின் அடையாள எண்ணை அந்தப் புது ஷெல்லுக்கு மாற்றிக்கொள்ள பிரிட்டனில் விதிமுறைகள் உண்டு. துருவோடு போராடிப் பாதி தகரத்தை ஒட்டுப்போட்ட 'அசல்' பாடியைவிட இந்தப் புது ஷெல் நேரானது, உறுதியானது. ஆனால் அபூர்வமான கார் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். ஐந்து லட்சத்தில் ஒன்றுக்கும் முப்பத்தாறில் ஒன்றுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது.

சக்கரம்கூட இப்படித்தான். 911-க்குப் பேர்வாங்கித் தந்த ஐந்து இதழ் ஃபுக்ஸ் சக்கரம் அலுமினியத்தை அடித்துச் செய்தது. அதனால்தான் இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். பார்வைக்கு அச்சு அசலான பிரதிகளில் பல, அலுமினியத்தை உருக்கி வார்த்தவை. தள்ளிநின்று பார்த்தால் தெரியாது. கழற்றிப் பின்புறத்தைத் திருப்பினால் பாக எண்ணும் தேதிக் குறியும் உண்டா என்று தெரியும், கையில் தூக்கினால் எடை தெரியும். குழியில் விழும்போது சக்கரத்துக்கும் தெரியும்.

இனிப் பணம். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வெட்டைப் பழையபடி ஆக்குவது ஒரு தனி மதம். அதற்கு 1974 முதல் தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் இருக்கிறது. அவர்களின் நடுவர்கள் கேட்பது அழகை இல்லை. தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று கார் எப்படி இருந்தது என்பதைத்தான். அன்று பெயின்ட் ஓரத்தில் வழிந்திருந்தால் இன்றும் வழிந்திருக்க வேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றினால் மதிப்பெண் போய்விடும். எஞ்சின் பிளாக்கின் வார்ப்புத் தேதி, காரைக் கோத்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். ரொம்பவும் முன்னால் இருந்தாலும் சந்தேகம்தான்.

சிலிண்டர் தலைக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறு தட்டையான திட்டு உண்டு. எந்த ஆலையில், எந்த நாளில் எஞ்சின் கூடியது, எந்தக் காருக்குப் போனது என்ற எண்கள் அங்கே அடித்திருக்கும். எண் பொருந்தினால் விலை எகிறும். அதனால் பொருந்தாத எண்ணை இழைத்துவிட்டுப் புதிதாக அடிக்கும் கள்ள வேலையும் பழைய தொழில்தான். பிடிபடுவது எப்படி? தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் செதுக்கிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். இழைத்தவர் அந்தக் கோடுகளையும் அழித்திருப்பார். தேர்ந்த நடுவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எண்ணைப் பார்க்கும் முன் கோட்டைத்தான் பார்ப்பார். கோட்டையும் போலி செய்யக் கற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. பாகம் அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லை மீறும்போது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. நேர்மையாக மாற்றிய எஞ்சினோடு ஓடியிருக்க வேண்டிய கார், பொய் எண்ணோடு கண்ணாடி அறையில் நிற்கிறது.

உச்சியில் ஃபெராரி. 1962 முதல் 1964 வரை வெறும் 36 மட்டும் செய்யப்பட்ட 250 ஜிடிஓ ஒன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. இந்த விலையில் சந்தேகத்துக்கு இடம் தர யாருக்கும் மனசு வராது. ஃபெராரி கம்பெனியே கிளாசிகே என்ற பிரிவை 2006-இல் தொடங்கி, கார்களைச் சோதித்துச் சான்று தருகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் எல்லாம் பழைய ஏடுகளோடு பொருந்த வேண்டும். இல்லாமல்போன எஞ்சின் பிளாக்கைப் பழைய வரைபடத்தின்படி அவர்களே புதிதாக வார்த்தும் தருவார்கள். கவனியுங்கள்: நேற்று வார்த்த பிளாக், கம்பெனி வார்த்ததால் ஏற்கத்தக்கது, அதே வரைபடத்தில் வெளியார் வார்த்தால் ஏற்கத்தகாதது. உலோகம் இங்கே பேசவில்லை, காகிதம் பேசுகிறது. சான்று தருபவரும் பாகம் விற்பவரும் ஒருவரே என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

கம்பெனிகள் பழைய கார்கள் பக்கம் திரும்பியிருப்பது ஃபெராரியோடு நிற்கவில்லை. மாஸ்டா தன் முதல் எம்எக்ஸ்-5-ஐ ஜப்பானில் புதுப்பித்துத் தருகிறது. அதற்காகப் பிரிட்ஜ்ஸ்டோனைப் பிடித்து 14 அங்குலப் பழைய டயரையே மறுபடி செய்யவைத்தது. நிசான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும், டொயோட்டா பழைய சூப்ராக்களுக்கும் நின்றுபோன பாகங்களைத் திரும்பக் கொண்டுவந்தன. போர்ஷே இன்னும் ஒரு படி போனது. 959 மொத்தமே 292 கார்கள். அதன் கிளட்ச் விடுவிக்கும் நெம்புகோல் முதலில் வார்ப்பிரும்பில் செய்தது, தீர்ந்துவிட்டது. மறுபடி அச்சு செய்து சில டஜன் வார்ப்பது கட்டுப்படியாகாது. 2018-இல் அதை எஃகுத் தூளை லேசரால் படலம் படலமாக உருக்கி, முப்பரிமாண அச்சில் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று டன் அழுத்தத்தில் சோதித்து, உள்ளே குறையில்லை என்று படம் பிடித்தும் பார்த்தார்கள். கம்பெனி பெட்டியில் வரும் கம்பெனி பாகம். ஆனால் 1980-களில் இருந்த பொருளும் இல்லை, செய்முறையும் இல்லை. சிறு உற்பத்தி இப்படி எளிதாகும்போது வெளியாரும் இதே வழியில் வருவார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள்.

மேம்பாட்டை எல்லைவரை கொண்டுபோனால் வருவது சிங்கர், ஈகிள் போன்றவர்களின் கார்கள். கலிஃபோர்னியாவின் சிங்கர் 964 வரிசை 911-ஐ எடுத்து நட்டு நட்டாகப் பிரித்து, கார்பன் இழைப் பாடி போட்டு, எஞ்சினைப் பெரிதாக்கி, பழைய காரின் கனவுபோல் ஒன்றைச் செய்கிறது. இங்கிலாந்தின் ஈகிள் அதையே இ-டைப்புக்குச் செய்கிறது. கைவேலை அபாரம். ஆனால் அவை புதுப்பிப்பு இல்லை, புதிய படைப்புகள். அவற்றைப் பார்த்து வீட்டுக் கொட்டகையில் ஒரு நல்ல இ-டைப்பை வெட்டுபவர்களைப் பற்றித்தான் கவலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும் எலக்ட்ரானிக் இக்னிஷனை ஒரு மதியத்தில் கழற்றிப் பழைய பாயின்ட்டைத் திரும்ப வைக்கலாம். சேசிஸில் வெட்டிய துளையை அப்படி மூட முடியாது.

இந்த வேறுபாட்டைப் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. காப்பது முதலில், புதுப்பிப்பது பிறகு. மாற்றம் தேவையென்றால் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய அசல் பாகம் காரோடு இருக்கட்டும். புதிதாகச் செய்த பாகத்தில் உறுத்தாத, அழியாத குறி ஒன்று போடட்டும் என்கிறது. ரசனையும் அதே பக்கம் சாய்கிறது. பெபிள் பீச் கண்காட்சியின் தலைப்பரிசு நெடுங்காலமாகத் தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிடப் பளபளக்கும் கார்களுக்கே போனது. 2024-இல் முதன்முறையாக, புதுப்பிக்காமல் காத்துவைத்த ஒரு காருக்குப் போயிற்று: 1934 புகாட்டி டைப் 59. பெயின்ட் உரிந்திருந்தது, தோல் வெடித்திருந்தது. அதுதான் ஜெயித்தது.

இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டைக் கடந்த, சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாறாத வண்டிகளை 'விஏ' வரிசை எண்ணில் விண்டேஜாகப் பதியலாம்; புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். இங்கே வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவு. ஆனால் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி எழுந்தது. ஹெரால்டுக்கென்று சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் தேடித் திரிந்த தலைமுறைக்கு, கையில் கிடைத்ததைக் கடைந்து பொருத்தும் வித்தை தெரியும். அந்த வித்தையைக் குறை சொல்ல மாட்டேன். எதைக் கழற்றினோம் என்று எழுதிவைக்காத பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

ஆகவே இப்படி ஒரு கார் கையில் இருந்தால்: பிரேக், ஹோஸ், டயர், வயரிங் ஆகியவற்றில் இன்று கிடைப்பதில் சிறந்ததை, யார் செய்திருந்தாலும், தயங்காமல் போடுங்கள். எஞ்சினுக்கு உள்ளே, தெரிந்த குறைக்குத் தெரிந்த மருந்து இருந்தால் அதையும் போடுங்கள். எஞ்சின் பிளாக், சேசிஸ், முதல் தோல், முதல் கண்ணாடி, டாஷ்போர்டு மீட்டர்கள் ஆகியவற்றில் கைவைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். பழுதுபார்க்க முடிந்தால் மாற்றாதீர்கள். கழற்றியதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பெட்டியில் கட்டி, தேதி எழுதி, பில்லோடு வையுங்கள். வாங்கப் போகிறவர்களானால், பானெட்டைத் திறக்கும் முன் அந்தப் பெட்டியையும் பில் கட்டையும் கேளுங்கள். எண்ணெல்லாம் பொருந்தி ஒரு காகிதமும் இல்லாத காரைவிட, எஞ்சின் மாறியிருந்தாலும் எப்போது, ஏன், யாரால் மாறியது என்று எழுதிவைத்திருக்கும் காரைத்தான் வாங்கச் சொல்வேன்.